பவளத் தொட்டிக்கு எத்தனை வாட்? குமரிக் கரையில் போட்டுப் பார்க்க வேண்டிய வெளிச்சக் கணக்கு

கடல்நீர்த் தொட்டி வைக்கும் ஆசை வந்தவர்கள் முதலில் கேட்பது, "எத்தனை வாட் லைட் வாங்க வேண்டும்?" என்றுதான். நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ உள்ள மீன் தொட்டிக் கடையில் இதற்குப் பதில் கிடைப்பது அரிது. தங்கமீனும் கப்பியும் விற்பவரிடம் பவளத்தின் பசியைப் பற்றிக் கேட்டால் அவர் என்ன செய்வார்? கேட்டவர் வீட்டுக்கு வந்து கைப்பேசியைத் திறக்கிறார். வெளிநாட்டுக்காரர் ஒருவர், நீல வெளிச்சத்தில் மினுங்கும் பிரம்மாண்டமான தொட்டிக்கு முன்னால் நின்றுகொண்டு, இத்தனை வாட், இத்தனை எல்.இ.டி. சில்லு, இந்தக் கம்பெனி என்று அடித்துச் சொல்கிறார். அவர் சொல்வது அவருடைய தொட்டிக்குச் சரிதான். அங்கே வளர்வது அக்ரோபோரா போன்ற கல் பவளம்; அறை குளிரூட்டப்பட்டது; கடலின் உப்புக்காற்று எட்டாத ஊர். அதே விளக்கை வாங்கிக் குளச்சலில் ஓர் இரண்டடித் தொட்டியின் மேல் தொங்கவிடுவது, இரண்டு பேர் சாப்பாட்டுக்குக் கல்யாண அண்டாவை அடுப்பில் ஏற்றுகிற கதை.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குமரி மாவட்டத்து வீடுகளில் சட்டப்படி வைக்கக்கூடிய உயிரினங்களுக்கு, இணையத்தில் பரிந்துரைக்கப்படும் வெளிச்சத்தில் பாதி போதும். பலவற்றுக்குப் பாதிகூட வேண்டாம். மிஞ்சிய வெளிச்சம் பணத்தை மட்டும் தின்பதில்லை, நம் வெக்கையோடு சேர்ந்து பவளத்தையும் வெளுக்க வைக்கிறது.

சட்டத்திலிருந்து தொடங்குவதற்குக் காரணம் இருக்கிறது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972இன் முதல் அட்டவணையில், புலிக்கும் யானைக்கும் உள்ள அதே இடத்தில், 2001ஆம் ஆண்டு முதல் பவளங்களும் இருக்கின்றன. பாறை கட்டும் கல் பவளங்கள் அனைத்தும், கரும்பவளம், குழல் பவளம், நெருப்புப் பவளம், கடல் விசிறி ஆகியவை அந்தப் பட்டியலில் உள்ளவை. கடலிலிருந்து எடுக்கக் கூடாது, வாங்கக் கூடாது, விற்கக் கூடாது. செத்துக் கரையில் ஒதுங்கிய பவளக் கல்லைத் தொட்டி அலங்காரத்துக்கு எடுத்து வருவதும் குற்றம்தான். குமரிக் கரை, மன்னார் வளைகுடா உயிர்க்கோளக் காப்பகத்தின் தென்முனை என்பதையும் இங்கே நினைவில் வைக்க வேண்டும். பாறைக்குள் வலை போட்ட நண்பர் ஒரு துண்டு கொண்டுவந்து தருகிறேன் என்றால், வேண்டாம் என்று சொல்வதுதான் அவருக்கும் நல்லது.

ஆகவே வீட்டுத் தொட்டிக்கு மிஞ்சுவது மென் உடல் இனங்கள். காளான் பவளம் எனப்படும் டிஸ்கோசோமா, ரோடாக்டிஸ் வகைகள். கொத்துக் கொத்தாகப் பூக்கும் சோவாந்திட்கள். தோல் பவளம் எனப்படும் சார்கோஃபைட்டன், சினுலேரியா. கையை மூடித் திறப்பது போலத் துடிக்கும் ஜீனியா. இவற்றையும் முறையான இறக்குமதி ஆவணம் வைத்திருக்கும் விற்பனையாளரிடம் ரசீதோடுதான் வாங்க வேண்டும். துணைக்குக் கோமாளி மீன் வேண்டுமென்றால், கூண்டில் பொரித்து வளர்த்த குஞ்சுகள் கிடைக்கின்றன. எல்லைக்கு அப்பால் விழிஞ்ஞத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையம் அலங்காரக் கடல்மீன் இனப்பெருக்கத்தில் நெடுநாள் உழைத்த இடம். சோவாந்திட்களைப் பற்றி ஓர் எச்சரிக்கை: சில வகைகளில் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு உண்டு. கையுறை இல்லாமல் வெட்டவோ, கல்லோடு வெந்நீரில் போடவோ கூடாது.

இந்தப் பட்டியலைப் பார்த்தால் விளக்குக் கணக்கு தானாகவே மாறிவிடுகிறது.

வெளிச்சம் பவளத்துக்குள் என்ன செய்கிறது

பவளம் ஒரு விலங்கு. அதன் தசைக்குள் சூசாந்தெல்லே என்னும் ஒற்றைச் செல் பாசிகள் கோடிக்கணக்கில் குடியிருக்கின்றன. அவை ஒளிச்சேர்க்கை செய்து சர்க்கரையும் கொழுப்பும் ஆக்கி, அதில் பெரும்பங்கை வீட்டுக்காரருக்குக் கொடுத்துவிடுகின்றன. வாடகைக்குப் பதிலாகக் கரியமில வாயுவும் நைட்ரஜன் கழிவும் கிடைக்கின்றன. தொட்டியின் மேல் விளக்கு எரிவது இந்தப் பாசிக்குச் சோறு போடத்தான். பாசி நன்றாக இருந்தால் பவளம் நன்றாக இருக்கும்.

கடல்நீர் வெளிச்சத்தை வடிகட்டும் விதமும் இதில் சேர்கிறது. தெளிந்த நீரில் சிவப்பின் பெரும்பகுதி முதல் ஐந்து மீட்டருக்குள்ளேயே விழுங்கப்பட்டுவிடும். நீலம்தான் ஆழம் வரை போகும். அதனால் இந்தப் பாசிகள் நீலத்தையும் நீலப்பச்சையையும் வாங்கப் பழகியவை. அவற்றின் பச்சையங்கள் 430 முதல் 460 நானோமீட்டர் வரையிலான நீலத்தை நன்றாக உறிஞ்சுகின்றன. பெரிடினின் என்ற இன்னொரு நிறமி 470க்கு மேல் 550 வரை உள்ளதை எடுத்துக்கொள்கிறது. ஆடி மாதத்தில் மணக்குடிப் பொழிமுகத்திலோ தேங்காய்ப்பட்டினத்திலோ நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும்: பழையாறும் குழித்துறைத் தாமிரபரணியும் கொண்டுவந்து கொட்டும் கலங்கலும், தென்மேற்குப் பருவக்காற்றின் அலையும் சேர்ந்து நீரைப் பழுப்பாக்கிவிடும். அப்படிப்பட்ட நீரில் இரண்டு ஆள் ஆழத்துக்குக் கீழே எவ்வளவு நீலம் எஞ்சும்? பவளத்துக்குத் தெளிநீர் ஏன் வேண்டும் என்பதற்கு இதைவிட நேரான விளக்கம் கிடையாது.

தொட்டிக்கும் இதே விதிதான். நாளாக ஆக நீர் மெல்ல மஞ்சள் பாரிக்கும். அந்த மஞ்சள் தின்பது நீலத்தைத்தான். விளக்கை மாற்ற நினைப்பதற்கு முன்னால் ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் கோப்பையில் தொட்டி நீரை எடுத்து, பக்கத்தில் குடிநீரை வைத்துப் பாருங்கள். வித்தியாசம் கண்ணுக்குத் தெரிந்தால், அந்த மஞ்சளை உறிஞ்சும் ஆக்டிவேட்டட் கார்பன் கரி ஒரு பை போதும். புது விளக்கு வேண்டாம்.

எவ்வளவு என்பதை எதில் அளப்பது

வாட் என்பது விளக்கு எவ்வளவு மின்சாரம் குடிக்கிறது என்பதன் அளவு. லூமன், லக்ஸ் ஆகியவை மனிதக் கண்ணுக்கு எவ்வளவு பிரகாசமாகத் தெரிகிறது என்பதன் அளவு. பவளத்துக்குள் இருக்கும் பாசிக்கு இரண்டுமே பொருட்டல்ல. 400 முதல் 700 நானோமீட்டர் வரையிலான ஒளித்துகள்கள், ஒரு சதுர மீட்டரில் ஒரு நொடிக்கு எத்தனை மைக்ரோமோல் (ஒளித்துகள்களை எண்ணும் அலகு) விழுகின்றன என்பதே அதன் கணக்கு. இதைத்தான் ஆர்வலர்கள் பி.ஏ.ஆர். என்கிறார்கள்.

சில எண்கள். குமரி முனை நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ எட்டு பாகையில் இருப்பதால், ஏப்ரல் இரண்டாம் வாரத்திலும் ஆகஸ்ட் முடிவை ஒட்டியும் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். அப்போது மேகமில்லாத வானத்தின் கீழே தரையில் விழுவது சுமார் 2000. அக்ரோபோரா வளர்ப்பவர்கள் தங்கள் தொட்டியில் 250 முதல் 400 வரை வைக்கப் பார்ப்பார்கள். தோல் பவளத்துக்கு 80 முதல் 150. சோவாந்திட்களுக்கு 60 முதல் 150. காளான் பவளத்துக்கு 30 முதல் 80 போதும். இந்த எண்கள் கல்வெட்டு அல்ல, நடைமுறையில் பலர் பின்பற்றுபவை. ஆனாலும் இடைவெளி எவ்வளவு பெரியது என்று பாருங்கள். காணொளியில் சொன்ன விளக்கு 350க்காகச் செய்யப்பட்டது. உங்கள் தொட்டியில் இருப்பதற்குத் தேவை நூறு.

கைப்பேசியில் லக்ஸ் அளக்கும் செயலி இருக்கிறதே, அதை வைத்து இதைக் கண்டுபிடிக்க முடியாதா என்று கேட்பார்கள். வெயிலுக்கு முடியும்: லக்ஸை 54ஆல் வகுத்தால் ஏறக்குறைய பி.ஏ.ஆர். கிடைக்கும். நீல எல்.இ.டி.க்கு இந்தக் கணக்கு பல்லிளித்துவிடும். மனிதக் கண் பச்சைக்கு மயங்கும், நீலத்துக்கு மந்தமானது. லக்ஸ் மானியும் அந்தக் கண்ணின் படிதான். நூறு மைக்ரோமோல் வெயில் 5400 லக்ஸ் காட்டினால், அதே நூறு மைக்ரோமோல் 450 நானோமீட்டர் நீலம் 700 லக்ஸ் அளவுக்குத்தான் காட்டும். "வெளிச்சம் மங்கலாக இருக்கிறதே" என்று நினைத்து நீல விளக்கைக் கூட்டிக் கூட்டி வைத்து, உள்ளே இருப்பதைப் பொசுக்குவது இதனால்தான் நடக்கிறது. கண்ணை நம்பக் கூடாத இடம் இது. நீரில் முக்கி அளக்கும் குவாண்டம் மானி, உதாரணமாக அப்போஜி நிறுவனத்தின் கருவி, ஒரு நல்ல விளக்கின் விலைக்கு வரும். தனியாளாக வாங்குவதைவிட நாலைந்து பேர் சேர்ந்து வாங்கிக் கைமாற்றிக்கொள்வது புத்திசாலித்தனம். ஒருமுறை அளந்து குறித்துக்கொண்டால் மாதக்கணக்கில் அதன் தேவை வராது.

நீலம் யாருக்காக

இப்போது விற்பனையில் இருக்கும் பெரும்பாலான பவள விளக்குகள் நீலம் தூக்கலாகவே எரிகின்றன. பாசிக்கு நீலம் பிடிக்கும் என்பது உண்மை. ஆனால் அந்த அளவுக்கு நீலம் நம் கண்ணுக்காகவும்தான். பல பவளங்களின் தசையில் ஒளிரும் புரதங்கள் இருக்கின்றன. அவை நீலத்தை வாங்கிப் பச்சையாகவும் ஆரஞ்சாகவும் திருப்பி வீசும். சுற்றிலும் வெள்ளை வெளிச்சம் இருந்தால் அந்த மினுக்கம் அமுங்கிவிடும். நீலம் மட்டும் இருந்தால் துள்ளி எழும். இணையத்தில் காணும் படங்களில் பாதி, கேமராவின் முன்னால் ஆரஞ்சு நிறக் கண்ணாடி வைத்து எடுத்தவை. அதைப் பார்த்து வாங்கியவர், வீட்டில் பொட்டலத்தைப் பிரித்ததும் பழுப்பு நிறத்தில் ஒரு காளானைக் காண்கிறார். ஏமாற்று என்று சொல்ல முடியாது, ஏமாற்றம் என்று சொல்லலாம்.

வெள்ளை எல்.இ.டி.யை யாரும் மட்டமாக நினைக்க வேண்டியதில்லை. அதற்குள் இருப்பதும் நீலச் சில்லுதான். 450 நானோமீட்டரை ஒட்டி எரியும் அந்தச் சில்லின் மேல், சீரியம் என்ற உலோகம் கலந்த மஞ்சள் ஒளிர்பொருளைப் பூசுகிறார்கள். நீலத்தில் ஒரு பங்கு மஞ்சளாக மாறி, மீதியோடு கலந்து வெள்ளையாகத் தெரிகிறது. அந்த நீலச் சில்லைச் சாத்தியமாக்கியதற்காகத்தான் அகாசாகி, அமானோ, நகமுரா மூவரும் 2014இல் இயற்பியல் நோபல் பரிசு பெற்றார்கள். சீரியம் என்றதும் குமரிக்காரர்களுக்கு மணவாளக்குறிச்சி நினைவுக்கு வர வேண்டும். அங்கே கடற்கரைக் கருமணலில் உள்ள மோனசைட் என்ற கனிமத்தில் தோரியத்தோடு சீரியமும் இருக்கிறது. 1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் இந்த மணலை அடையாளம் கண்டார். அடுத்த ஆண்டுகளில் அது ஐரோப்பாவுக்கு ஏறிப்போனது விளக்குக்காகவே. பெட்ரோமாக்ஸில் வெள்ளை வெளேரென்று எரியும் வலை, தோரியம் ஆக்சைடும் ஒரு சதவீத அளவுக்குச் சீரியம் ஆக்சைடும் சேர்ந்தது. நம் கரை மணலுக்கும் உலகத்து விளக்குகளுக்கும் நூறாண்டு உறவு உண்டு. பவளத் தொட்டிக்காரர் அதைத் தெரிந்து வைத்திருப்பதில் தப்பில்லை.

ஆகவே வீட்டில் எரியும் 6500 கெல்வின் வெள்ளை விளக்கின் கீழேகூடக் காளான் பவளம் உயிரோடு இருக்கும். மினுக்காது, அவ்வளவுதான், கண்ணாடியில் பச்சைப்பாசியும் வேகமாகப் படியும். என் விருப்பம், நீலமும் வெள்ளையும் தனித்தனி ஸ்விட்சில் குறைக்கக் கூட்ட முடிகிற விளக்கு. பகலில் வெள்ளையைக் கொஞ்சம் சேர்த்தால் மீனின் நிறம் இயல்பாகத் தெரியும். மாலையில் விருந்தினர் வரும் நேரத்தில் நீலத்தை மட்டும் வைத்துக்கொள்ளலாம். புற ஊதாவை ஒட்டிய 400 நானோமீட்டர் சில்லுகளுக்குக் கூடுதல் விலை கொடுப்பது, மென் பவளத் தொட்டிக்கு வீண் செலவு. அவற்றை நிமிர்ந்து உற்றுப் பார்ப்பது கண்ணுக்கும் ஆகாது.

ட்யூபும் ஹாலைடும் எல்.இ.டி.யும்

மெட்டல் ஹாலைடு ஒரு காலத்தில் பவளத் தொட்டியின் ராஜா. 150, 250, 400 வாட் பல்புகள். நீரில் விழும் நிழலாட்டம் கடலடி போலவே இருக்கும். நம் ஊர் வெக்கையில் அதை வீட்டுக்குள் எரிப்பது தவம். பேச்சை இங்கேயே முடித்துக்கொள்ளலாம். டி5 எனப்படும் மெல்லிய ட்யூப்லைட்டுகள் நிழல் விழாமல் சீராக வெளிச்சம் பரப்பும். ஆனால் ஆண்டுக்கு ஒருமுறையாவது மாற்ற வேண்டும், நீல ட்யூப் நாகர்கோவிலில் கேட்டவுடன் கிடைக்கிற சரக்கு இல்லை. மிஞ்சுவது எல்.இ.டி.

எல்.இ.டி. வாங்கும்போது அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் வாட்டை நம்ப வேண்டாம். 55 சில்லு, சில்லுக்கு 3 வாட், ஆக 165 வாட் என்று பெருக்கி எழுதியிருப்பார்கள். சில்லின் உச்ச வரம்பு அது. விளக்கு அதைவிடக் குறைவாகவே இழுக்கும். சோதித்துப் பார்க்கப் புதுக் கருவி எதுவும் வேண்டாம், வாசலில் உள்ள மின்வாரிய மீட்டரே போதும். அதன் முகப்பில் ஒரு யூனிட்டுக்கு எத்தனை துடிப்பு என்று அச்சிட்டிருக்கும். 3200 என்று வைத்துக்கொள்வோம். ஃப்ரிட்ஜ், மோட்டார், மின்விசிறி எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, பவள விளக்கை மட்டும் முழு வீச்சில் எரியவிடுங்கள். மீட்டரில் சிவப்புப் புள்ளி மினுக்குவதை ஐந்து நிமிடம் எண்ணுங்கள். 44 முறை மினுங்கினால் அது 165 வாட். 30 முறைதான் மினுங்கியது என்றால் 112 வாட். பெட்டி சொன்னதற்கும் மீட்டர் சொல்வதற்கும் உள்ள வித்தியாசம் கையில் வந்துவிடும். அந்தக் குறைவுக்காகக் கடைக்காரரோடு சண்டைக்குப் போக வேண்டாம், உங்கள் தொட்டிக்கு 112கூட அதிகம்.

வெக்கையும் கட்டணமும்

வெளிநாட்டுக் குறிப்புகள் கைவிடும் இடம் இதுதான். பவளம் வெளுப்பது வெப்பத்தால் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. கடலில் 2010, 2016 கோடைகளில் மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றிய பவளங்கள் அப்படித்தான் வெளுத்தன. ஆனால் வெப்பம் தனியாக வேலை செய்வதில்லை. சூடான நீரில் பாசியின் ஒளிச்சேர்க்கைப் பொறி தளர்ந்துவிடும். தளர்ந்த பொறியின் மேல் வெளிச்சம் தொடர்ந்து விழுந்தால், செலவாகாத ஆற்றல் நச்சு ஆக்சிஜனாக மாறித் திசுவைத் தாக்கும். பவளம் பாசியை வெளியே துப்பிவிடும், நிறம் போய்விடும். நீர் 25 டிகிரியில் இருக்கும்போது 150 மைக்ரோமோலைத் தாங்கும் அதே தோல் பவளம், 31 டிகிரியில் அந்த 150ஐத் தாங்காமல் போகலாம்.

ஏப்ரல், மே மாதங்களில் நம் வீடுகளுக்குள் என்ன வெப்பம் என்பதைச் சொல்லத் தேவையில்லை. நீரைக் குளிர்விக்கும் சில்லர் இயந்திரம் இல்லாத தொட்டி அறையின் வெப்பத்தையே வாங்கிக்கொள்ளும். பம்புகள் அதோடு ஒரு டிகிரி கூட்டும். மேலே சின்ன மின்விசிறி வைத்து ஆவியாக விட்டால் குளிரும். ஒரு லிட்டர் நீர் ஆவியாகும்போது மூன்றில் இரண்டு யூனிட் மின்சாரத்துக்குச் சமமான வெப்பத்தைக் கொண்டுபோய்விடுகிறது. ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றில் இது நன்றாக வேலை செய்யும். குளச்சல், முட்டம் போன்ற கரையோர ஊர்களில் காற்றே ஈரமாக இருக்கும் நாட்களில் நீர் ஆவியாக மறுக்கும். மின்விசிறி சும்மா சுற்றும். ஆகவே கரையோரத்தில் சில்லர் இல்லாமல் தொட்டி வைப்பவர் கோடை இரண்டு மாதமும் விளக்கின் வீச்சை மூன்றில் ஒரு பங்கு குறைத்துவிடுவது நல்லது. பவளம் கொஞ்சம் பழுப்பாகும், வளர்ச்சி மந்தமாகும், உயிர் நிற்கும். அந்த மாதங்களில் விளக்கைத் தூக்கிவைத்து வளர்ச்சியை எதிர்பார்ப்பவரோடு எனக்கு உடன்பாடு இல்லை.

கட்டணத்தையும் போட்டுப் பார்ப்போம். உண்மையிலேயே 165 வாட் இழுக்கும் விளக்கை நாளுக்குப் பத்து மணி நேரம் எரித்தால் 1.65 யூனிட், அறுபது நாளில் 99 யூனிட். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு இலவசம் என்று 2016இல் அறிவிக்கப்பட்ட 100 யூனிட்டை அந்த ஒரு விளக்கே காலி செய்துவிடும். 60 வாட் விளக்கு ஒன்பது மணி நேரம் என்றால் அதே காலத்தில் 32 யூனிட்டோடு நிற்கும். இடையில் உள்ள 67 யூனிட் சின்ன எண்ணாகத் தெரியலாம். வீட்டின் மொத்தப் பயன்பாடு 500ஐத் தாண்டிவிட்டால் கீழ்ப்படி யூனிட்டுகளுக்கும் கட்டண விகிதம் ஏறிவிடும் என்பதால், அந்த விளிம்பில் இருக்கும் குடும்பத்துக்கு இது பெரிய விஷயம். சில்லர் வைத்தவருக்கு இன்னும் ஒரு படி: விளக்கு தொட்டியில் இறக்கும் வெப்பத்தை வெளியேற்றச் சில்லரும் மின்சாரம் குடிக்கும்.

எங்கே தொங்கவிடுவது

இரண்டடி நீளம், ஒன்றேகால் அடி அகலம், ஒன்றேகால் அடி உயரம் கொண்ட தொட்டியை எடுத்துக்கொள்வோம். வீடுகளில் பலர் தொடங்குவது இந்த அளவில்தான். நடுவில் ஒரே ஒரு 100 வாட் எல்.இ.டி.யைத் தாழ்த்தித் தொங்கவிட்டால், அதற்கு நேர் கீழே உச்சிவெயில், நான்கு மூலைகளிலும் அந்தி. ஒரே தொட்டியில் சுட்ட பவளமும் வாடிய பவளமும் இருக்கும். அதற்குப் பதில் 30 வாட் விளக்குகள் இரண்டை, ஒவ்வொரு அடிக்கும் ஒன்றாக, நீர்மட்டத்துக்கு மேல் ஓரடி உயரத்தில் வையுங்கள். மேலே பாதி, பக்கத்திலிருந்து பாதி என்று வெளிச்சம் வருவதால் பாறைக்குப் பின்னால் விழும் கருநிழல் குறையும். ஒன்று பழுதானாலும் மற்றொன்று இருக்கும். கரையோரத்தில் இந்த இரண்டாவது காரணமே முக்கியம் என்பேன்.

உயர்த்தினால் பரவும், தாழ்த்தினால் குவியும். 90 பாகை லென்ஸ் ஆழமான தொட்டிக்கு; நம் ஒன்றேகால் அடி ஆழத்துக்கு 120 பாகை அல்லது லென்ஸே இல்லாத விளக்கு மேல். சில்லுகள் தனித்தனி நிறத்தில் இருந்தால் மணலில் சிவப்பும் பச்சையும் நீலமும் தனித்தனியாக ஆடும். திருவிழாப் பந்தல் போலத் தோன்றும். மங்கல் அக்ரிலிக் தகடு ஒன்றை விளக்குக்குக் கீழே பொருத்தினால் அடங்கிவிடும்.

அளவு மானி கைக்கு வந்தால் அளக்க வேண்டிய இடங்கள் சில உண்டு: நீருக்குள் பாறை உச்சி, பாறையின் இடுப்பு, மணல், இரண்டு மூலைகள். உச்சியில் 140, இடுப்பில் 90, மணலில் 50 என்று வந்தால் மென் பவளத் தொட்டிக்கு அருமையான அமைப்பு. தோல் பவளம் உச்சிக்கு, சோவாந்திட்கள் இடுப்புக்கு, காளான்கள் மணலோரத்துக்கு என்று அவையே இடம் சொல்லிவிடும்.

ஜன்னல் வெயிலைப் பற்றி ஒரு வார்த்தை. இலவச வெளிச்சம்தானே என்று மேற்கு ஜன்னலை ஒட்டித் தொட்டி வைப்பவர்கள் உண்டு. பிற்பகல் வெயில் பக்கவாட்டுக் கண்ணாடியில் நேராக விழும், பாசி கண்ணாடியை மூடும், நீர் சூடேறும். அந்த ஜன்னலுக்குத் திரை போடுங்கள், அல்லது தொட்டியை உள்சுவருக்கு நகர்த்துங்கள். ஓட்டு வீட்டில் கண்ணாடி ஓடு பதித்திருந்தால் அதன் வெயில் கற்றை நாள் முழுக்க எந்தெந்த இடத்தில் நகர்கிறது என்பதைப் பார்த்துவிட்டுத் தொட்டி வையுங்கள்.

எத்தனை மணி நேரம், எப்படிப் பழக்குவது

பாசி கணக்கு வைப்பது ஒரு நாளில் கிடைத்த மொத்த ஒளியை. 120 மைக்ரோமோலை எட்டு மணி நேரம் தருவதும் 80 மைக்ரோமோலைப் பன்னிரண்டு மணி நேரம் தருவதும் கூட்டுத்தொகையில் ஒன்றுதான். வெக்கை நாட்டில் நான் எட்டு முதல் ஒன்பது மணி நேரத்தையே சொல்வேன். அதையும் நண்பகலில் தொடங்காமல், பிற்பகல் இரண்டு மணிக்குப் பற்றவைத்து இரவு பத்துக்கு முடிப்பது மேல். வேலைக்குப் போய்த் திரும்புபவர் தொட்டியை ரசிக்கவும் நேரம் கிடைக்கும். வீடு உச்சமாகச் சுடும் வேளைக்குப் பின்னரே விளக்கின் வெப்பம் வந்து சேரும். பவளத்துக்குக் கடிகாரம் தெரியாது. தினமும் ஒரே நேரம் என்பது மட்டும் தவறக் கூடாது. மலிவான ஒரு டைமரை நம்புங்கள், ஞாபகத்தை நம்ப வேண்டாம்.

புது விளக்கையோ புதுப் பவளத்தையோ முதல் நாளே முழு வீச்சில் வைக்கக் கூடாது. பாசியின் எண்ணிக்கையும் நிறமியும் புது வெளிச்சத்துக்கு ஏற்பத் தம்மைத் திருத்திக்கொள்ள வாரங்கள் ஆகும். பாதி வீச்சில் தொடங்கி, மூன்று நான்கு வாரங்களில் படிப்படியாக ஏற்றுவதே முறை. புதுப் பவளத்தை மணலில் வைத்து, பிறகு மெல்ல மேலே ஏற்றலாம்.

மிஞ்சியதையும் குறைந்ததையும் அவையே காட்டிக்கொடுக்கும். சோவாந்திட்கள் தண்டு நீண்டு கழுத்தை எக்கினால் வெளிச்சம் போதவில்லை. கல்லோடு ஒட்டித் தரையாகக் கிடந்து, முகம் சுருங்கினால் மிகுதி. காளான் பவளம் ஓரங்களைச் சுருட்டிக்கொள்ளும், நிறம் வெளிறும். அப்போதும் நீங்கள் கவனிக்காவிட்டால் பிடியை விட்டு மிதந்து தானே நிழலுக்குப் போய்விடும். ஒரு பவளம் பழுப்பாவது குறைவான வெளிச்சத்தின் அறிகுறி: பாசி தன் எண்ணிக்கையைப் பெருக்கிக்கொள்கிறது. பதற வேண்டியதில்லை. வெளுப்பதற்குத்தான் பதற வேண்டும். அன்றே வீச்சைப் பாதியாகக் குறைத்து, வெப்பத்தையும் பாருங்கள்.

தோல் பவளம் சில நாட்கள் இதழ்களை உள்ளிழுத்து, மெழுகு பூசியது போல மொழுமொழுவென்று நிற்கும். புதிதாக வைத்திருப்பவர் வெளிச்சம்தான் காரணம் என்று விளக்கை நோண்டத் தொடங்குவார். நோண்டாதீர்கள். அது தோல் உரிக்கிறது. பம்பின் ஓட்டம் கொஞ்சம் அதன் மேல் பட்டால் அந்த மெழுகு கழன்று போய் மறுபடி விரியும்.

உப்பும் மின்வெட்டும்

கடற்கரையிலிருந்து சில கிலோமீட்டருக்குள் வீடு இருந்தால் விளக்கின் எதிரி உப்பு. விசிறி வைத்த விளக்கு வேகமாகக் கெடும், ஏனென்றால் விசிறி உப்புக்காற்றை உள்ளே இழுத்து மின்தகட்டில் படிய வைக்கிறது. விசிறி இல்லாமல் கனத்த அலுமினியத் தகடால் குளிரும் விளக்காகத் தேடுங்கள். கொஞ்சம் கனமாக இருக்கும், நெடுநாள் உழைக்கும். வாரத்துக்கு ஒருமுறை விளக்கை அணைத்து, ஆறியபின், குடிநீரில் நனைத்துப் பிழிந்த மெல்லிய துணியால் லென்ஸைத் துடையுங்கள். நீர்த்திவலை காய்ந்து படியும் வெள்ளைப் பூச்சு வெளிச்சத்தை எவ்வளவு தின்கிறது என்பது துடைத்தபின் மணலைப் பார்த்தால் தெரியும். பல வாரம் துடைக்காமல் விட்டிருந்தால், துடைத்த அன்று வீச்சைக் கொஞ்சம் குறைத்துவிடுங்கள். பவளம் அந்த மங்கலுக்குப் பழகிவிட்டிருக்கும்.

மின்கம்பி பிளக்குக்குள் போவதற்கு முன் கீழே ஒரு தொங்கல் விட்டு மேலே ஏற வேண்டும். கம்பி வழியாக வழியும் உப்புநீர் அந்தத் தொங்கலில் சொட்டிவிடும். வீட்டில் மின்கசிவைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. இல்லையென்றால், பவளத்துக்கு முன்னால் அதை வாங்குங்கள்.

2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்தபோது மாவட்டத்தின் பல ஊர்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. தென்மேற்குப் பருவத்திலும் ஐப்பசி மழையிலும் சில மணி நேர வெட்டு சாதாரணம். அப்போது இன்வெர்ட்டரில் விளக்கைக் கோக்காதீர்கள். இரண்டு மூன்று நாள் இருட்டில் பவளம் சாகாது. கடலிலும் மேகமூட்டம் வாரக்கணக்கில் நிற்பதுண்டு. ஓட்டமில்லாத நீரில் ஆக்சிஜன் தீர்ந்தால் மீனும் பவளமும் சில மணி நேரத்தில் போய்விடும். பேட்டரியின் ஒவ்வொரு வாட்டும் அலை பம்புக்கு அல்லது காற்று பம்புக்கு. மின்சாரம் திரும்பியதும், விட்ட மணி நேரத்தை ஈடுகட்ட விளக்கைக் கூடுதலாக எரிக்க வேண்டாம். இரண்டு நாளுக்கு மேல் இருட்டில் இருந்திருந்தால், முதல் நாள் பாதி வீச்சில் தொடங்கி நாலைந்து நாளில் பழைய அளவுக்குக் கொண்டுவாருங்கள்.